தென்பக்கத்து எர்த் கம்பி

நேசையனின் வாக்குமூலத்தை நான் இரண்டு முறை தட்டச்சு செய்தேன். முதல் முறை அவர் சொன்னது பொய். அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு பக்கத்துக்கும் குறைவாகத்தான் வந்தது. இரண்டாவது முறை சொன்னது ஐந்து பக்கம்.

திருவனந்தபுரத்தில் மின் விபத்துகளை விசாரிக்கும் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. வீடு கோட்டைக்குள், அக்ரஹாரத்தில். சாட்சி சொல்ல வருபவருக்கு மலையாளத்தில் எழுதிக்கொடுக்கத் தடுமாற்றம் இருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் நேசையன் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தொரு வயது. ஒல்லியான தேகம், ஆனால் முன்கைகள் மட்டும் வேறு யாருடையவையோ போலத் தடித்திருந்தன. பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் வீடு. மனைவி ராகேல் பள்ளிக்கூடம் ஒன்றில் மதிய உணவு சமைப்பவர். குழந்தை இல்லை.

இருபத்தாறு வருடமாக உயர்மின் கோபுரங்களில் ஏறி வேலை செய்தவர் அவர். வாரியத்து ஆள் இல்லை. ஒப்பந்ததாரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் ஒவ்வொருவரிடமும் போனார். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுபோனது. மின்சாரத்தைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் உடம்பால் அறிந்ததுதான். மழைக்கால விடியலில், பனி இறங்கும்போது கம்பிகள் சீறும் என்று சொன்னார். ஓடும் லைனுக்குப் பக்கத்தில் போனால் கையில் உள்ள மயிர் எழுந்து நிற்கும். நிறுத்திவைத்த லைனில் கை பட்டாலும் சில சமயம் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். அதற்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கள்ளக் கரண்ட்.

இந்தக் கள்ளக் கரண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் நடந்தது எதுவும் புரியாது. எனக்கே அந்த விசாரணையின்போதுதான் புரிந்தது.

மலைப்பக்கம் போகும் பெரிய கோபுரங்களில் இரண்டு லைன் இருக்கும். இடது கையில் மூன்று கம்பி, வலது கையில் மூன்று கம்பி. ஒன்றில் பழுது பார்க்க வேண்டுமானால் அதை மட்டும் நிறுத்துவார்கள். மற்றது ஓடிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் ஊர் இருண்டுபோகும். ஓடுகிற மின்சாரம் ஒரே திசையில் ஆற்றுத் தண்ணீர் போலப் போவதில்லை. நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாகத் திரும்புகிறது. அந்த ஓயாத திரும்பல் பக்கத்தில் சும்மா கிடக்கும் கம்பியையும் கிளப்பிவிடும். இரண்டு லைனும் எத்தனை தூரம் சேர்ந்து போகிறதோ, ஓடுகிற லைனில் எத்தனை பாரம் இருக்கிறதோ, அத்தனைக்கு அது கூடும். சித்திரை வெயிலில் நகரம் முழுவதும் ஏசியும் மின்விசிறியும் சுழலும் பிற்பகலில் அது காலையில் இருந்ததைவிட அதிகமாக இருக்கும்.

அதனால்தான் வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தடித்த செம்புக் கம்பியால் லைனைக் கோபுரத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். எர்த் கம்பி என்பது அதைத்தான். அது இருந்தால் வருவதெல்லாம் மண்ணுக்குப் போய்விடும், மனிதன் வழியாகப் போகாது.

அந்தத் திங்கட்கிழமை வேலை நடந்தது நெடுமங்காட்டைத் தாண்டி, பொன்முடி போகும் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துச் சரிவில். லைன் அங்கே திரும்புகிறது. திரும்புகிற கோபுரத்தில் வடக்கிலிருந்து வரும் கம்பி ஒரு பீங்கான் சரத்தில் முடியும், தெற்குக் கம்பி இன்னொரு சரத்தில். இரண்டையும் சேர்க்க அடியில் வளைந்து தொங்கும் ஒரு துண்டுக் கம்பி. அதை ஜம்பர் என்பார்கள். அதன் மூட்டு கருகியிருந்தது, மாற்ற வேண்டும். சப்ஸ்டேஷன்காரர்கள் லைனை நிறுத்தி, இரு முனைகளிலும் எர்த் செய்து, முறைப்படி பெர்மிட் கொடுத்திருந்தார்கள். முனைகள் பல மைல் தள்ளி இருப்பதால் அந்த எர்த் மட்டும் நடுவில் ஏறும் கள்ளக் கரண்டைத் தடுக்காது; வேலை செய்யும் இடத்தில் எர்த் கட்டுவது ஒப்பந்ததாரரின் ஆட்கள் பொறுப்பு.

மேலே ஏறியது நேசையனும் ஷிபுவும். ஷிபுவுக்கு முப்பத்துநான்கு வயது, களியக்காவிளைப் பக்கத்து ஆள். ஒன்பது வருடமாக இரண்டு பேரும் ஒரே ஜோடி. காலையில் வடபக்கம் ஒரு எர்த், தென்பக்கம் ஒரு எர்த் கட்டினார்கள். பழைய ஜம்பரைக் கழற்றினார்கள். ஒன்றரை மணிக்கு இறங்கிச் சாப்பிட்டார்கள்.

சூப்பர்வைசர் அனிலுக்கு அடுத்த கோபுரத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அங்கே ஒரு குழு எர்த் கம்பி இல்லாமல் காத்திருந்தது. மொத்தம் கொண்டுவந்திருந்த கம்பிகள் போதவில்லை. ஐந்து மணிக்கு பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"நேசையா, தெக்குப் பக்கத்து எர்த்தை அழிச்சு, கழட்டி எடுத்துட்டு வா. அங்கே வேணும்" என்றார் அனில்.

"ஜம்பர் கெட்டல்ல சாரே. கெட்டினப்பெறவு எடுக்கலாமே?"

"பத்து மினிட்டு வேலைக்கு எந்தினா ரெண்டு எர்த்து? லைன் ஆஃப் அல்லே. வடக்கே ஒண்ணு இருக்குல்லா. போ, போ."

நேசையன் ஏறினார். ஜம்பர் கழன்றிருக்கும்போது வடக்குக் கம்பியும் தெற்குக் கம்பியும் தனித்தனி. வடக்கில் எர்த் இருப்பதால் தெற்குக்குப் பயன் இல்லை. இது தெரியாதவர் இல்லை அவர். "தெரியும் சாரே, ஆனா அந்நேரம் நெனைக்கல்ல" என்றார் என்னிடம். மின்சாரம் பாயாத நீளமான காப்புக் கழியால் கொக்கியைத் தளர்த்தித் தென்பக்கத்து எர்த் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கீழே ஷிபு ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். மறுமுனையில் அவன் மனைவி ஜெயஷீலா. பெண்குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதா, சாயங்காலம் வரை பார்ப்பதா என்று பேச்சு. நேசையன் அவன் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். வீட்டுக் காரியம் பேசுகிறான், முடிக்கட்டும் என்று நினைத்தார். அனில் ஜீப்பிலிருந்து கூப்பிட்டார். கம்பியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நேசையன் ஜீப்பை நோக்கி நடந்தார். ஐம்பது அறுபது அடிதான். அங்கே அனிலுக்கு மறுபடி போன் வர, அவர் பேசி முடிக்கும்வரை பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது ஷிபு மேலே போயிருந்தான். அவன் எப்போதும் வேகமாக ஏறுவான். புது ஜம்பரின் ஒரு முனையை வடக்குக் கம்பியில் முடுக்கியாகிவிட்டது. இடது கையில் ஜம்பரைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டித் தெற்குக் கம்பியின் நுனியை இழுக்கப் போனான்.

"ஷிபு, தொடாதடே!"

அவனுக்குக் கேட்டதா என்று நேசையனுக்குத் தெரியாது. சத்தம் எதுவும் வரவில்லை, தீயும் இல்லை. ஷிபு கம்பியைப் பிடித்தான், பிறகு விடவில்லை. நொடிக்கு ஐம்பது தடவை திரும்புகிற மின்சாரம் கைத் தசையை இறுக்கிவிடும். பிடித்தவனால் விட முடியாது. கீழேயிருந்து பார்த்தால் வேலை செய்துகொண்டிருப்பவன் போலவே இருந்தது. தலை மட்டும் பின்னால் சாய்ந்திருந்தது.

நேசையன் அந்தக் கம்பியையே தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். எத்தனை நேரம் பிடித்தது என்று விசாரணையில் கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்கு நிமிடம் இருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். கோபுரத்தில் ஒரு முனையை மாட்டி, கழியால் கொக்கியைத் தெற்குக் கம்பியில் போட்ட நொடியில் ஷிபுவின் கைகள் விட்டன. அவன் இடுப்பு வாரில் தொங்கினான். நேசையன் அவனைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டி இறக்கினார். உள்ளங்கைகள் இரண்டிலும் மட்டும் சின்னச் சின்ன வெள்ளைத் தீப்புண். ஆஸ்பத்திரி வரை ஜீப்பில் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனார். அங்கே போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது என்றார்கள்.

போலீஸ் வந்து கோபுரத்தைப் படம் எடுத்தபோது இரண்டு பக்கமும் எர்த் கம்பி இருந்தது. அனில் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நேசையனைத் தனியே அழைத்தார். "ரெண்டு எர்த்தும் முதல்லேருந்தே கெட்டியிருந்தது. அவன் கவனிக்காம ஓடுற லைன் பக்கம் சாஞ்சுட்டான். இதுதான் நடந்தது. கேட்டோ?"

"அப்பிடி இல்லியே சாரே."

"எர்த்தை அழிச்சது ஆரு? என் கையா, உன் கையா? ஜெயிலுக்கு முதல்ல போறது நீயாக்கும்."

கீழே நின்ற இரண்டு ஆட்களும் அதையே சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார்கள். மலையாளத்தில் எழுதிய தாளில் நேசையன் கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தும் அதையே சொன்னார். நான் தட்டச்சு செய்து, படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். "கவனக்குறைவு" என்ற சொல் வந்தபோது மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வீட்டில் ராகேலிடம் அன்றே உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் அழுதுவிட்டு, "செத்தவன் இனி வரமாட்டான். நீங்களும் உள்ள போனா நான் ஆருகூட இருக்க? மிண்டாம, வாய் தொறக்காம இருங்க" என்றாராம். அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நேசையன் மறுபடி வேலைக்குப் போனார். அனில் அவருக்கு ஏறுகிற வேலை கொடுக்கவில்லை. கீழே நின்று கயிறு இழுக்கச் சொன்னார்.

ஷிபு வீட்டு நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது ஜெயஷீலா அவரிடம் வந்தாள்.

"அண்ணே, அவரு கவனிக்காம போயி ஓடுற லைனத் தொட்டாருன்னு கடுதாசு வந்திருக்கு. எங்க மாமியார் கேட்டுட்டே இருக்காவ. அவரு அப்பிடிப்பட்ட ஆளா? நீங்க கூட இருந்தியளே."

நேசையன் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அவன் நல்ல வேலைக்காரனாக்கும்" என்று மட்டும் சொன்னார்.

"பின்ன எப்பிடி?"

அவர் எழுந்து வந்துவிட்டார். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்ததாம்.

இதற்கிடையில் எங்கள் அலுவலகத்தில் வேறொன்று நடந்தது. விசாரணை அதிகாரி சுப்புலக்ஷ்மி மேடம் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்தான்; அதிகம் பேசமாட்டார், எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பார். அன்றைய சப்ஸ்டேஷன் பதிவேட்டை வரவழைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஓடற லைன்ல ஒரு மனுஷன் பட்டா என்ன ஆகும் தெரியுமோ? அந்த க்ஷணமே லைன் தானா நின்னுபோகும். உடம்பு கரிஞ்சுடும். இங்கே பாரு, அன்னிக்கு அந்த லைன் காலம்பறலேர்ந்து சாயரட்சை வரைக்கும் ஒரு நொடிகூட நிக்கலை. டாக்டர் என்னடான்னா உள்ளங்கையில மட்டும் புண்ணுங்கறார்."

"அப்படின்னா?"

"நிறுத்தின லைன்லேர்ந்துதான் வந்திருக்கு. ரெண்டரை மணிக்கு ஓடற லைன்ல பாரம் எத்தனைன்னு பாரு, காலம்பற இருந்ததைவிட ஒரு மடங்கு ஜாஸ்தி. ஆனா ரெண்டு எர்த்தும் இருந்திருந்தா இது நடந்திருக்க முடியாது. அந்த நேசையனை வரச்சொல்லு."

அவர் வந்தார். மேடம் குரலை உயர்த்தவில்லை. பதிவேட்டைக் காட்டி, எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். பிறகு, "எந்தப் பக்கத்து எர்த்து இல்லாம இருந்துது? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

நேசையன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெக்குப் பக்கம். நான்தான் எடுத்தேன்."

அதன்பிறகு நிறுத்தாமல் பேசினார். அனில் சொன்னது, தான் ஏறியது, போன், ஐம்பது அடி, மறுபடி ஏறியது எல்லாம். எங்குமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சொல் ஒன்றும் இல்லை. ஷிபுவிடம் ஏன் சொல்லவில்லை என்று மேடம் கேட்டபோது, "அவன் பெண்டாட்டிகிட்ட போன்ல பேசிட்டிருந்தான், இடையில கேறிப் பேசவேண்டாம்னு நின்னேன்" என்றார். அதையும் அப்படியே தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

காகிதம் போய்ச் சேரும் முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் காலை களியக்காவிளைக்குப் போனார். ஜெயஷீலா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"எர்த்த எடுத்தத அவருட்ட ஏன் சொல்லல்ல?"

"போன்ல பேசிட்டிருந்தான் மக்களே. முடிக்கட்டும்னு நெனச்சேன்."

"என்கூடவா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாளிக்குள் திரும்பப் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு இப்பமே கொண்டுபோணுமான்னு ரெண்டாவது தடவையும் கேட்டேன். சாயங்காலம் பாப்பம்னு அவரு முதல்லயே சொல்லிட்டாரு. நாந்தான் போன வைக்காம திரும்பத் திரும்பக் கேட்டேன்." வாளியைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "இத நீங்க என்னட்ட சொல்லாம இருந்திருக்கலாம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மதியமே அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பழவங்காடியில் பஸ் இறங்கி வெயிலில் நடந்து வந்த முகம். "அந்தப் போன் காரியத்த மட்டும் எடுத்துருங்க சாரே. மறந்துபோச்சுன்னு எழுதுங்க. வேற எதையும் மாத்தாண்டாம்" என்று கெஞ்சினார். கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றேன். அவருக்கு அது புரியவில்லை. பொய்யைச் சொல்லி ஒரு மாதம் கழித்து மாற்ற முடிந்தது, இதை ஏன் முடியாது என்று கேட்டார்.

வழக்கு நான்கு வருடம் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாவது நேசையன், இரண்டாவது அனில். அனில் தான் எந்த உத்தரவும் கொடுக்கவில்லை என்றார். கீழே நின்ற இருவரும் எதையும் கேட்கவில்லை என்றார்கள். உத்தரவு வாயால் சொன்னது, காகிதத்தில் இல்லை. அனிலுக்கு எதிராக இருந்தது நேசையனின் சொல் ஒன்றுதான்.

அந்தச் சொல்லை நேசையனே உடைத்தார். கோர்ட் விசாரணைக்கு மேடத்தோடு நானும் போயிருந்தேன். கூண்டில் நின்ற நேசையனிடம் அனிலின் வக்கீல் கேட்டார்: "எர்த் எடுத்ததை இறந்தவரிடம் ஏன் சொல்லவில்லை?"

"மறந்துபோச்சு."

"அவர் போனில் பேசிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை என்று வாக்குமூலத்தில் இருக்கிறதே?"

"அது தெத்து, தப்பா சொல்லிட்டேன். அவன் ஆருகூடயும் பேசல்ல. நான் மறந்துட்டேன்."

வக்கீல் சிரித்தார். முதலில் ஒரு பொய், பிறகு ஒரு வாக்குமூலம், இப்போது இன்னொன்று, இவர் சொல்வதில் எதை நம்புவது என்று நீதிபதியைப் பார்த்துக் கேட்டார். நேசையனின் சொந்த வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். பின் வரிசையில் மாமியாரோடு ஜெயஷீலா உட்கார்ந்திருந்தாள். மாமியார் அவள் பக்கம் திரும்பவில்லை. அவர் மறந்துபோனதாகச் சொன்னதை நம்பியிருக்க வேண்டும். ஜெயஷீலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதாரம் போதாது என்று அனில் விடுவிக்கப்பட்டார். நேசையனுக்கு எட்டு மாதம் சிறை. மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார்.

ராகேல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறைக்குப் போய்ப் பார்த்தார். ஷிபுவின் பெயரில் குற்றம் இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை ஜெயஷீலா கேட்டு வாங்கிப்போனதாக கோர்ட் எழுத்தர் சொன்னார்.

வெளியே வந்த பிறகு எந்த ஒப்பந்ததாரரும் நேசையனை எடுக்கவில்லை. விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் இடம் ஒன்றில் இப்போது வேலை. விடியும் முன் பாறசாலையிலிருந்து பஸ் ஏற வேண்டும். போன மாதம் அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கோணிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ் பாளத்தைச் சரிவுப் பலகையில் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"சுகமா சாரே?"

"சுகம். உங்களுக்கு?"

"ராகேலுக்கு முட்டு வேதனை. நிக்க முடியல்ல. சமையல் வேலைய விட்டுட்டா." கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். பின்னால் யாரோ ஐஸ் கேட்டுக் கத்தினார்கள். அவர் குனிந்து அடுத்த பாளத்துக்குக் கொக்கியைப் போட்டார்.